தவக்காலத்தில் எதை விடப்போகிறீர்கள்? அதற்கு முன், எதற்காக?

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவில் வாசலுக்கு வரும்போதே பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் நான் கறி தொடமாட்டேன்", "எனக்குக் காபி", "எங்க வீட்டுல சீரியல் கிடையாது." எதை விடுகிறோம் என்பது எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. ஏன் என்று கேட்டால் "தவக்காலம்தானே" என்பதோடு பேச்சு நின்றுவிடும். மூன்றாம் வாரத்தில் பலருடைய ஒறுத்தல் (பிடித்ததை விட்டுத் தன்னைக் கட்டுப்படுத்துவது) சத்தமில்லாமல் கரைந்துபோகிறது. அப்போது மன உறுதி போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பார்க்கப்போனால், அவர்கள் மனதில் இருந்த நோக்கத்துக்கும் விட்ட பொருளுக்கும் தொடர்பே இருந்திருக்காது. நோக்கத்தை முதலில் பிடித்துவிட்டால் எதை விடுவது, எவ்வளவு, ஞாயிறு என்ன செய்வது, மிச்சமாகும் பணமும் நேரமும் எங்கே போவது என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அதனால் இங்கே அந்த வரிசையிலேயே போவோம். பெரும்பாலும் கத்தோலிக்க வழக்கத்தை வைத்து எழுதியிருக்கிறோம். லெந்து காலம் என்று சொல்லும் சிஎஸ்ஐ, லுத்தரன் சபையாருக்கும் சட்டப் பகுதி தவிர மற்றவை அப்படியே பொருந்தும்.

எப்போது தொடங்குவது

புதன் சாம்பலுக்காகப் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவரச் சொல்லிக் கோவிலில் அறிவிப்பார்கள் அல்லவா, அந்த ஞாயிறே சரியான நேரம். புதன் காலையில் அவசரமாக எடுக்கும் முடிவு பக்கத்து வீட்டாரைப் பார்த்து எடுத்ததாகவே இருக்கும்.

நாள்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2027-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. புதன் முதல் உயிர்ப்புக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை 46 நாட்கள். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் தவக்காலத்திலும் அது நோன்பு நாள் ஆவதில்லை. நாற்பதுக்கும் நாற்பத்தாறுக்கும் உள்ள இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

சட்டம் கேட்பது எவ்வளவு, நீங்கள் சேர்ப்பது எவ்வளவு

இரண்டையும் கலக்கக் கூடாது. பெரியவர்கள் 'ஒருசந்தி, சுத்தபோசனம்' என்று சொல்வார்களே, அதுதான் திருச்சபை எல்லோரிடமும் கேட்பது. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளை எடுத்தால், இரண்டும் சேர்ந்தும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக் கூடாது. இது திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரியது. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை கட்டும், அதாவது கட்டாயம். சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. அது அந்த இரண்டு நாட்களுக்கும் தவக்கால வெள்ளிகளுக்கும் உண்டு. 14 வயது நிறைந்தவர்களுக்குக் கட்டும், மேல் வரம்பு கிடையாது. மீன், முட்டை, பால் இந்த விலக்கில் வராது. பெருவிழா ஒன்று வெள்ளியில் வந்தால் அன்று விலக்கும் கட்டாது. 2027-இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமைதான்.

காபி, பூ, புதுத்துணி, கைபேசி, நாற்பது நாளும் கறியில்லாமல் இருப்பது, இவையெல்லாம் நீங்களாகச் சேர்ப்பவை. இவற்றில் தவறினால் அது பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) சொல்ல வேண்டிய குற்றம் ஆவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: "மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறேன்" என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். கடவுளுக்குத் தெரிந்தே, மனமொப்பிக் கொடுக்கும் நேர்ச்சை கட்டுப்படுத்தும் வாக்கு. அதை இன்னும் எளிதான ஒன்றாக மாற்றவோ விலக்கவோ குருவானவரிடம் போக வேண்டியிருக்கும். "இந்தத் தவக்காலம் இப்படி முயல்கிறேன்" என்பது தீர்மானம் மட்டுமே. முதல் முறை முயல்பவர்களுக்குத் தீர்மானம் போதும்.

தாளில் நோக்கத்தைப் பிடிப்பது

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் மனதில் வரும் நான்கைந்து பொருட்களை எழுதுங்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே "எதற்காக" என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "ஆண்டவருக்காக" என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோகாதீர்கள். அது எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனால் எதையும் காட்டித்தராது. "காலையில் எழுந்ததும் கை முதலில் கைபேசிக்குப் போகிறது, அந்த முதல் பத்து நிமிடம் அவருக்கு வேண்டும்" என்று எழுதினால் அது நோக்கம்.

பிறகு ஒவ்வொரு வரியிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். இதை நான் விட்டது யாருக்கும் தெரியவே தெரியாது என்றாலும் விடுவேனா? உடல் எடை ஒரு கிலோகூடக் குறையாது என்றாலும்? வேண்டிக்கொண்ட காரியம் நடக்காமல் போனாலும்? இதை விட்ட இடத்தில் என்ன வந்து உட்காரும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வரிகளைத் தயங்காமல் அடித்துவிடலாம். காலி இடத்தில் வேறு ஏதாவது தானாக வந்து நிரம்பிவிடும், அது விட்டதைவிட நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் மூன்றில் எதற்காவது "இல்லை" என்று பதில் வந்தால் உடனே குற்றவுணர்வு வேண்டாம். மனித மனம் ஒரே நோக்கத்தோடு இயங்குவது அரிது. எடை குறையட்டும் என்ற எண்ணம் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். அது முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால்தான் சிக்கல். முதல் வாரத்தில் எடை குறையாவிட்டால் அன்றே ஒறுத்தலும் முடிந்துவிடும்.

எந்த நோக்கத்துக்கு எது பொருந்தும்

*மனமாற்றம்.* ஒரு குறிப்பிட்ட பாவத்திலிருந்து திரும்ப வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனத்தை) உயிர்ப்புக்கு முந்தைய புனித வாரம் வரை தள்ளாமல் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வரிசையும் நீளம், நேரமும் குறைவு. பாவத்தை விடுவது நாற்பது நாள் ஒறுத்தல் ஆகாது, அது 365 நாளும் நம் கடமை. ஒறுத்தல் என்பது அந்தப் பாவத்துக்குத் தீனி போடும் நல்ல பொருளை விடுவது. புறணி பேசுவது குறை என்றால், புறணி நடக்கும் அந்த மாலை நேரக் கூட்டத்தையோ வாட்ஸ்அப் குழுவையோ விடுங்கள்.

*எது என்னைப் பிடித்திருக்கிறது என்று அறிவது.* இதற்குத்தான் காபி, டீ, ரீல்ஸ், இனிப்பு, கிரிக்கெட் ஸ்கோர் போன்றவை சரியாகப் பொருந்தும். ஒன்றே ஒன்றை எடுங்கள். மூன்றை ஒன்றாக விட்டால், எரிச்சல் எதிலிருந்து வந்தது என்றே தெரியாது.

*ஏழைகளோடு பகிர்வது.* எசாயா 58-ஆம் அதிகாரத்தைத் திறந்து உட்காருங்கள். பசித்தோருக்கு உணவைப் பகிர்வதையே கடவுள் விரும்பும் நோன்பாக இறைவாக்கினர் சொல்கிறார். ஐந்தாம் நூற்றாண்டுத் திருத்தந்தை பெரிய லியோ, நோன்பிருப்பவர் விட்டது ஏழையின் உணவாகட்டும் என்று மறையுரை ஆற்றினார். இந்த நோக்கத்துக்குக் காசு மிச்சமாகும் பொருளைத்தான் விட வேண்டும். பூண்டு, வெங்காயம் விடுவதால் யார் வயிறும் நிறையாது. இங்கேதான் பெரிய சறுக்கலும் நடக்கிறது: வெள்ளிக்கிழமை கோழியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் செய்வது. சட்டப்படி அது சரி. ஆனால் கோழியைவிடப் பல மடங்கு செலவாகும். இறைச்சியை விட்டுவிட்டு அதைவிட விலையுயர்ந்த, பக்குவம் அதிகமான உணவைத் தேடுவோரை ஹிப்போ ஆயர் அகுஸ்தினார் அன்றே தம் தவக்கால மறையுரைகளில் கண்டித்திருக்கிறார். பகிர்வுதான் நோக்கம் என்றால் வெள்ளிக்குக் கஞ்சியும் துவையலும் போதும்.

*ஆண்டவரின் பாடுகளோடு ஒன்றாவது.* கறி, பூச்சூடுதல், மெத்தைப் படுக்கை போன்ற உடல் உணரும் சிறு வசதிகள் இதற்குப் பொருந்தும். ஆனால் இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை இல்லாமல் இது வெறும் சிரமமாக நின்றுவிடும். வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளையும் முழுதாகச் செய்யுங்கள், அல்லது வீட்டில் தினம் இரண்டு நிலை. நோன்பு நேரத்தில் பசி எழும்போது, அன்றைய நிலையை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் போதும்.

*நேரம் விடுவித்துச் செபிப்பது.* ஒரு மணி நேர சீரியலை விட்டால் அந்த ஒரு மணி நேரமும் செபமாகிவிடாது. பதினைந்து நிமிடம் நற்செய்தி, மற்றது வீட்டாரோடு. இது நடக்கக்கூடிய கணக்கு. செபிக்கும் இடத்தையும் முன்பே குறித்துவையுங்கள். டிவி இருக்கும் அதே கூடத்தில் உட்கார்ந்தால் தோற்றுப்போவீர்கள்.

*வேண்டுதல்.* மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, அறுவை சிகிச்சை நல்லபடி முடிய வேண்டும். இப்படி வேண்டி ஒறுப்பது நம் ஊரில் ஆழமாக வேரோடிய வழக்கம். விவிலியத்திலும் நோன்போடு சேர்ந்த மன்றாட்டுகள் நிறைய உண்டு. வேண்டுங்கள். ஆனால் "நான் இதை விட்டேன், நீர் அதைத் தாரும்" என்ற கொடுக்கல்வாங்கலாக அது மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறியதா என்று அறிய ஒரு வழி உண்டு. தாளில் வேண்டுதலுக்குக் கீழே "உம் விருப்பப்படியே ஆகட்டும்" என்று எழுதப் பாருங்கள். கை நின்றால் இந்தத் தவக்காலத்தில் செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது. இதை எழுத முடிகிற வரை அந்த வேண்டுதலை மட்டும் தினம் செபமாக வையுங்கள், ஒறுத்தல் காத்திருக்கட்டும்.

*"எங்கள் வீட்டில் எல்லோரும் விடுவார்கள்."* இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். குடும்ப வழக்கம் நல்ல கைத்தடி. வெள்ளிக் கறி விலக்கை வழக்கத்துக்கு விட்டுவிட்டு, சொந்தமாக ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

*தன்னைத் தண்டித்துக்கொள்வது.* "நான் செய்ததற்கு இது போதாது" என்று ஒறுத்தலை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மன்னிப்பை உழைத்துச் சம்பாதிக்க முடியாது. சீர்திருத்த சபைகள் தவக்கால உணவு விலக்கை எதிர்த்ததற்கு இதுவும் ஓர் அடிப்படை. 1522 தவக்காலத்தில் சூரிச் நகர அச்சகம் ஒன்றில் சிலர் வேண்டுமென்றே தொத்திறைச்சி உண்டபோது, அங்கே இருந்தும் உண்ணாத சீர்திருத்தவாதி ஸ்விங்ளி பிறகு அவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கித்தார். அந்த எதிர்ப்பை முழுதும் ஏற்காதவர்களும் இந்த எச்சரிக்கையை ஏற்கலாம். இந்த மனநிலை இருந்தால் உணவைக் குறைக்கும் ஒறுத்தல் வேண்டாம். பங்குத்தந்தையிடமோ உங்கள் சபைப் போதகரிடமோ பேசி, நோயாளியைச் சந்திப்பது போல வெளியே கூட்டிப்போகும் ஒன்றை எடுங்கள்.

அளவைக் குறிப்பது

"காபி குறைக்கிறேன்" என்று எழுதாதீர்கள். "வீட்டிலும் ஆபீசிலும் காபி, டீ இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் கொடுத்தால் குடிப்பேன்" என்று எழுதுங்கள். விருந்தோம்பல் விதிவிலக்கை முன்பே எழுதிவைப்பது தளர்ச்சி ஆகாது. எகிப்துப் பாலைவனத் துறவிகளே விருந்தினர் வந்தால் நோன்பைத் தளர்த்தினார்கள். சம்பந்தி வீட்டில் நீட்டிய டம்ளரை மறுத்து, காரணத்தையும் விளக்கிக்கொண்டிருந்தால், நோன்பு அங்கேயே விளம்பரமாகிவிடும்.

காபி குடிப்பவர்களுக்கு உடல் சார்ந்த எச்சரிக்கை ஒன்று. திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாள் கடுமையாக இருக்கும், ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். சாம்பல் வாங்கிய மறுநாள் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்துவிழுவது பல நேரம் இதனால்தான். தவக்காலத்துக்கு ஒரு வாரம் முன்பே மூன்று டம்ளரை இரண்டாக்கி, மூன்று நாள் கழித்து ஒன்றாக்கி, பிறகு நிறுத்துங்கள்.

தினம் அதிகமாக மது குடிப்பவர் திருநீற்றுப் புதனன்று சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். மருத்துவரைப் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைத் தள்ளக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நோன்பிருக்கத் தேவையில்லை. இவர்களுக்கெல்லாம் நேரம், பேச்சு, பணம் என்று ஒறுக்க எத்தனையோ உண்டு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் ஒறுத்தலின் பாரம் யார் தோளில் விழுகிறது? கணவர் நாற்பது நாள் சைவம் என்கிறார், பிள்ளைகள் கறி கேட்கிறார்கள், மனைவி இரண்டு அடுப்பில் இரண்டு சமையல் செய்கிறார். அப்படியானால் தவம் செய்தது யார்? அவரிடம் கேட்டு முடிவெடுங்கள். இல்லையென்றால் உங்கள் குழம்பை நீங்களே வையுங்கள்.

ஞாயிறு, காசு, ரகசியம்

ஞாயிறு விலக்கா என்பதை நோக்கம் சொல்லிவிடும். கறியோ இனிப்போ விட்டிருந்தால் ஞாயிறு சாப்பிடுவது உயிர்ப்பைக் கொண்டாடுவதுதான். பழக்கத்தின் பிடியை அறிவது நோக்கமானால் 46 நாளும் தொடருங்கள். வாரம் ஒருமுறை கைபேசி ஆட்டம் திரும்ப வந்தால், திங்கள்தோறும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எதுவானாலும் முதல் ஞாயிறு வருவதற்குள் முடிவெடுத்துவிடுங்கள். ஆசை வந்தபின் எடுக்கும் முடிவை நம்ப முடியாது.

காசைக் கையோடு பிரித்துவைக்க வேண்டும். கடையில் டீ 15 ரூபாய், தினம் மூன்று என்றால் 45 ரூபாய். நாற்பது நாளுக்கு 1,800. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் போடலாம் என்று விட்டால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். தினமும் இரவு உண்டியலில் போடுங்கள். யாருக்கு என்பதையும் முதல் நாளே எழுதிவையுங்கள்: கோவிலில் கொடுத்த தவக்கால உண்டியல், தெரிந்த குடும்பத்தின் பள்ளிக் கட்டணம், அல்லது கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸ் இந்தியா ஆண்டுதோறும் தவக்காலத்தில் திரட்டும் நிதி. முகம் தெரிந்தவருக்குப் போகும் காசு தவறாமல் சேரும்.

யாரிடம் சொல்வது? மத்தேயு 6-இல் இயேசு தர்மம், செபம், நோன்பு மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறார். அதே அதிகாரத்தைத்தான் திருநீற்றுப் புதன் திருப்பலியில் வாசிக்கிறோம். வீட்டில் சமைப்பவருக்குத் தெரிய வேண்டும். தடுமாறினால் சொல்லிக்கொள்ள ஒருவர் போதும். ஸ்டேட்டஸில் போட்டால் பாராட்டு வரும், அத்தோடு நோக்கம் கை மாறிவிடும்.

நடுவில் என்ன கெடும்

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஒரே ஒரு குறையைத் திருத்த 'தனி ஆய்வு' என்ற முறையைக் கற்பித்தார். காலையில் எழுந்ததும் தீர்மானத்தை நினைத்துக்கொள்வது, மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை தவறினோம் என்று புள்ளி வைப்பது. ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரம் ஒரு பக்கம். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் திருத்தம் கண்ணுக்குத் தெரியும். புள்ளியோடு ஒரு சொல்லும் எழுதுங்கள்: அலுப்பு, கோபம், தனிமை, பசி. பத்து நாளில் எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அதுதான் நீங்கள் உண்மையில் தேடுவது. டீ வெறும் சாக்கு.

முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். இரண்டாம் வாரத்தில் மாற்று நுழையும்: காபி போய் பூஸ்ட், ரீல்ஸ் போய் செய்திச் சேனல், கறி போய் தினம் முட்டை. மாற்று வந்துவிட்டால் பிடி இன்னும் தளரவில்லை என்று பொருள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்தில் அலுப்போடு ஒப்பீடும் வரும். "அவங்கல்லாம் என்ன விட்டாங்க?" என்று மனம் கேட்கத் தொடங்கினால், வாரம் இருமுறை நோன்பிருந்ததைக் கடவுளிடமே கணக்குக் காட்டிய பரிசேயரை லூக்கா 18-இல் போய்ப் பாருங்கள். குருவானவர் ரோசா நிற உடையில் வரும் நான்காம் ஞாயிறு (2027-இல் மார்ச் 7) தாளை எடுத்து மறுபடி வாசிக்க ஏற்ற நாள். நோக்கம் சரியாக இருந்து பொருள் தவறாகத் தெரிந்தால், அன்று பொருளை மாற்றலாம். கடினமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள்.

தவறிவிட்டால் அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். "போனது போச்சு, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பதும், தண்டனையாக மறுநாள் பட்டினி கிடப்பதும் ஒரே தவறின் இரண்டு முகம். இரண்டிலும் கணக்குதான் பெரிதாகிறது. அன்று இரவு ஒரு சிறு மன்றாட்டு, தாளில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் முடிவெடுக்காதீர்கள். மூன்று யோசனை சொல்லுங்கள், அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். வளரும் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்த வேண்டாம்.

திரும்ப எடுப்பது

விட்டதை உயிர்ப்பு ஞாயிறன்று அப்படியே திரும்ப எடுப்பதா என்பதைப் புனித வாரத்துக்கு முன், ஐந்தாம் வாரத்திலேயே முடிவெடுங்கள். பெரிய சனி இரவின் பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு முடிந்து நள்ளிரவில் வீட்டுக்கு வரும்போது யோசிக்க நேரம் இருக்காது. பகிர்வுக்காக விட்ட கறியை மகிழ்ச்சியோடு சமையுங்கள், யாரையாவது அழைத்துச் சாப்பிடுங்கள். பிடியை அறிய விட்ட பொருளென்றால் பழைய அளவில் பாதியோடு நிறுத்திப் பாருங்கள். மூன்று டம்ளர் ஒன்றரை ஆகட்டும். பாவத்துக்குத் தீனி போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வயிற்றையும் கவனியுங்கள். நாற்பது நாள் சைவத்துக்குப் பின் காலையிலேயே மட்டன் பிரியாணி ஏற்றினால் மதியம் படுத்துவிடுவீர்கள்.

தாளைக் கிழித்துப் போடாதீர்கள். குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக மடித்துப் பீடத்துப் படத்துக்குப் பின்னால் செருகிவைப்பீர்கள் அல்லவா, அதோடு சேர்த்துத் தாளையும் செருகிவையுங்கள். அடுத்த ஆண்டுச் சாம்பலுக்காக அந்த ஓலையைக் கோவிலுக்கு எடுத்துப்போகும் ஞாயிறன்று தாளும் கையில் வரும். புது முடிவு எழுதும் முன் அதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.